ரிமோட் கார் ட்ராக் தொடங்கும் முன்: பாலிசி, பதிவு, பொறுப்பு

நீங்கள் கேட்டது நான்கு கேள்விகள். நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் வார இறுதியில் ரிமோட் கார் ஓட்டிக்கொண்டிருந்த இடத்தை இனி வெளியாட்களுக்கும் திறந்துவிட்டுக் கட்டணம் வாங்கலாமா, அதற்குக் கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா, என்ன இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், வருகிறவர்களிடம் "அடிபட்டால் நானே பொறுப்பு" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதாதா. நான்கையும் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒரே கேள்விதான் கேட்கிறது: ட்ராக்கில் யாருக்காவது அடிபட்டால் என் வீடும் சேமிப்பும் போய்விடுமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். நீங்கள் கேட்ட நான்குக்கும் பதில் போகிற வழியில் வந்துவிடும்.

பொறுப்புக் காப்பீட்டுப் பிரிவில் பதினேழு வருடம் வேலை பார்த்தவன் நான். பாலிசி எழுதுகிற பக்கத்தில் பாதி, க்ளெய்ம் பார்க்கிற பக்கத்தில் பாதி. வார இறுதிகளில் உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சார ரிமோட் கார் ஓட்டுகிறேன். ஒரு கிளப்பில் ஆறு வருடம் பொருளாளராகவும் இருந்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. கம்பெனிச் சட்டமும் நஷ்டஈட்டுச் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எங்கும் பொருந்துவது எது, உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேட்டே ஆக வேண்டியது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியான ஒன்று. கட்டணம் வாங்காவிட்டாலும் உங்களுக்குப் பொறுப்பு உண்டு. உங்கள் இடத்துக்கு ஒருவரை வரச் சொன்னால், அவருக்கு அடிபடாதபடி நியாயமான கவனம் எடுக்கும் கடமை உங்களுடையது. கட்டணம் வாங்க ஆரம்பித்ததும் மாறுவது வேறு: அது இனி தொழில். வீட்டுக்கு எடுத்திருக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை வீட்டு இடத்தில் நடக்கும் தொழிலால் வரும் பொறுப்பை விலக்கியே வைத்திருக்கின்றன. "கட்டணம் இல்லை, செலவைப் பகிர்ந்துகொள்கிறோம்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முறையாக வாராவாரம் பணம் கைமாறினால் பெயர் என்னவாக இருந்தாலும் க்ளெய்ம் பார்ப்பவர் அதைத் தொழிலாகத்தான் எடுத்துக்கொள்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன். ஆகவே வீட்டுப் பாலிசி இருக்கிறதே என்ற நம்பிக்கையை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

இனி அடி எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். பாலிசியை விட இதுதான் முக்கியம், ஏனென்றால் பாலிசியில் எழுதப்போவதே இதைத்தான். எட்டில் ஒரு பங்கு அளவு ஆஃப் ரோடு பக்கி கார் ஒன்று மூன்று கிலோவுக்கு மேல் எடை இருக்கும். நேர்ப்பாதையின் கடைசியில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். கணக்குப் போட்டால் அந்த எடையை 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது கிட்டத்தட்ட நான்கு மாடி உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். பொம்மைக் கார் என்று சொல்லிப் பழகிவிட்டதால் இது யாருக்கும் உறைப்பதில்லை. கணுக்காலிலோ முழங்காலுக்குக் கீழோ மோதினால் எலும்பு முறியும். ஜம்ப்பில் எகிறி வந்த கார், குனிந்து நிற்கும் ஒரு குழந்தையின் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க விரும்பவில்லை.

அடி அதிகம் வாங்குவது மார்ஷல்கள். கவிழ்ந்த காரை நிமிர்த்தி வைப்பதற்காக வளைவுகளில் நிற்பவர்கள். நம் ஆட்டத்தின் வழக்கப்படி ஒரு ஹீட்டை, அதாவது ஒரு பிரிவுப் பந்தயத்தை, ஓட்டி முடித்தவர்களே அடுத்த ஹீட்டுக்கு மார்ஷல் நிற்கிறார்கள். அதாவது இப்போதுதான் ஓட்டி முடித்து, எங்கே ஒரு நொடியை விட்டோம் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆள் ட்ராக்கின் நடுவே நிற்கிறார். ஓட்டுபவர்களோ மேடையில் நின்று தன் காரை மட்டும் பார்ப்பார்கள். மார்ஷல் அவர்கள் கண்ணில் படவே மாட்டார். எங்கள் கிளப்பில் கொண்டுவந்த இரண்டு விதிகள் நிலைமையை வெகுவாக மாற்றின. காரை எடுக்கப் போகும் முன் வரும் திசையைப் பார்க்க வேண்டும், கார்களுக்கு முதுகு காட்டக் கூடாது. செருப்பும் சாண்டலும் போட்டவர் மார்ஷல் நிற்கக் கூடாது, மூடிய ஷூ கட்டாயம். குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஓட்டலாம், ஆனால் அவர்களுக்குப் பதில் பெரியவர் ஒருவர் மார்ஷல் நிற்க வேண்டும் என்பதை மூன்றாவதாகச் சேர்த்தோம். அதைக் கொண்டுவர ஒரு விபத்து தேவைப்பட்டது. பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது. முன்பே செய்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்தது பேட்டரி. ட்ராக்கில் பெரிய சேதம் உண்டாக்கக்கூடியது கார் இல்லை, ஓட்டுபவர்கள் காரைத் தயார் செய்யும் பிட் மேசையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் லிபோ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல்லின் முழு அளவு 4.2 வோல்ட். அதைத் தாண்டி ஏற்றினாலோ, சார்ஜரில் பேட்டரி வகையையோ செல் எண்ணிக்கையையோ தவறாக வைத்தாலோ, மோதலில் உள்ளே நசுங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போட்டாலோ அது ஊதி, புகைந்து, தீப்பிடிக்கும். அணைந்தது போல இருந்து மறுபடி பற்றும். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் கார் பை, பெயின்ட், க்ளீனர் ஸ்ப்ரே என்று இருக்கும் இடத்தில் ஒரு பேட்டரி போதும். சார்ஜ் செய்ய எரியாத தளத்தோடு தனி இடம், தீ தாங்கும் பை, பக்கத்தில் மணல் வாளி, ஆள் இல்லாமல் சார்ஜ் போடத் தடை, அடிபட்ட பேட்டரியைக் கட்டடத்துக்கு வெளியே வைக்க ஓர் உலோகப் பெட்டி. இவ்வளவுதான் தேவை, செலவும் அதிகமில்லை. பிட்டுக்கு வரும் மின்சார இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். ஒரே பிளக்கிலிருந்து நீளும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் இருபது சார்ஜர் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நைட்ரோ என்ற எரிபொருளில் ஓடும் சிறு எஞ்சின் கார்களை அனுமதிப்பதாக இருந்தால் அது தனிக் கதை. அந்த எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். பகல் வெளிச்சத்தில் அது எரியும் தீ ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. குடித்தால் கண்ணையும் உயிரையும் எடுக்கும் விஷம் அது, ஆகவே தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. மூடிய கூடத்தில் நைட்ரோவும் பெட்ரோல் எஞ்சினும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு சேரும். வெளியில் என்றாலும் சத்தம் அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யும். என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருடம் மின்சார கார் மட்டும் என்று வையுங்கள். பாலிசி கிடைப்பதும் சுலபமாகும்.

இவை எல்லாவற்றுக்கும் மேல், க்ளெய்ம் மேசையில் நான் அதிகம் பார்த்தது காருக்குச் சம்பந்தமே இல்லாதது: வயரில் தடுக்கி விழுந்தவர், ஈரமான படியில் சறுக்கியவர், ஓட்டுநர் மேடையின் ஆடும் கைப்பிடியில் சாய்ந்தவர். மேடை இரண்டு மீட்டர் உயரம் என்றால் அது கட்டடம். கைப்பிடியும் படிக்கட்டும் கட்டட விதிப்படி இருக்க வேண்டும். நண்பர் வெல்டிங் செய்து கொடுத்தது என்பது அங்கே பதிலாகாது.

இங்கே ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பந்தயம் என்றாலே ஆபத்து, வந்தவர் தெரிந்துதானே வந்தார்" என்ற வாதத்தை எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ட்ராக்கில் 1930-ல் இரண்டு பந்தயக் கார்கள் உரசி, ஒன்று தடுப்புக் கம்பியைத் தாண்டிப் பார்வையாளர்கள் மேல் விழுந்தது. காயம்பட்ட ஒருவர் ட்ராக்கை நடத்திய கிளப் மேல் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டில் கிளப் தப்பியது. ட்ராக் திறந்த 1907 முதல் அதுவரை 23 வருடங்களில் ஒரு கார் கூட அந்தக் கம்பியைத் தாண்டியதில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது, நியாயமான கவனம் எடுத்திருக்கிறார்கள் என்பது தீர்ப்பு. இதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் அதைத் தலைகீழாகவும் படித்துப் பார்க்க வேண்டும். உங்கள் ட்ராக்கில் கார், ட்ராக் ஓரத்தில் போட்டிருக்கும் குழாயைத் தாண்டி வெளியே பறப்பது 23 வருடத்தில் ஒருமுறை நடப்பது இல்லை, ஒவ்வொரு வாரமும் நடப்பது. நடக்கும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நேர்ப்பாதையின் முடிவில் வலை கட்டாமல், அங்கேயே நாற்காலி போட்டிருந்தால், எதிர்பார்க்கவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது. பார்வையாளர் நிற்கும் பக்கமெல்லாம் இடுப்புக்கு மேல் வலை, ஜம்ப் இருக்கும் பக்கம் இன்னும் உயரமாக, நேர்ப்பாதை முடியும் இடத்தில் யாரும் நிற்காத காலி இடம். ஒவ்வொரு காரிலும் சிக்னல் போனால் பிரேக் பிடிக்கும் ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா என்று தொழில்நுட்பச் சோதனையில் பார்க்க வேண்டும். ரிமோட்டை அணைத்துப் பார்த்தால் போதும், அரை நிமிட வேலை. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் பழைய காலத்துக் க்ரிஸ்டல் மோதல், அதாவது இரண்டு ரிமோட்டுகள் ஒரே அலைவரிசையில் குறுக்கிடுவது, இல்லை என்பதற்காகச் சோதனையை விட்டுவிட வேண்டாம். பேட்டரி வயர் தளர்ந்து விட்டுவிட்டு இணைப்பு வருவது இன்றும் நடக்கிறது.

இனி பாலிசிக்கு வருகிறேன். நீங்கள் எடுக்க வேண்டிய முதல் பாலிசி பொதுப் பொறுப்புக் காப்பீடு. உங்கள் இடத்தில், உங்கள் செயலால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் உடல் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் நீங்கள் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை அது தரும். கடைகளுக்கும் கூடங்களுக்கும் விற்கும் சாதாரணப் பாலிசியை அப்படியே வாங்கினால் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, பந்தயம், வேகப் போட்டி ஆகியவற்றை விலக்கும் வரி. இரண்டு, விளையாட்டில் பங்கேற்பவருக்கு வரும் காயத்தை விலக்கும் வரி. இது இருந்தால் பார்வையாளருக்கு மட்டும்தான் பாதுகாப்பு. ஓட்டுபவரும் மார்ஷலும் வெளியே. உங்கள் க்ளெய்ம்கள் வரப்போவதே அவர்களிடமிருந்துதான். மூன்று, மோட்டார் வாகனத்தால் வரும் பொறுப்பை விலக்கும் வரி. மனிதர் ஏறி ஓட்டும் வாகனத்தை நினைத்து எழுதியது அது. ஆனால் வாகனம் என்றால் என்ன என்ற விளக்கம் பாலிசியில் சரியாக இல்லாவிட்டால் உங்கள் பெட்ரோல் காரின் மேலும் அதைப் பாய்ச்சலாம். இந்த மூன்று விலக்குகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்ன "எல்லாம் கவர் ஆகும் சார்" க்ளெய்ம் நாளில் உதவாது.

தொகையைப் பார்க்கும்போது இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு சம்பவத்துக்கு அதிகபட்சம், வருடம் முழுவதற்கும் அதிகபட்சம். வழக்கு நடத்தும் செலவு அந்தத் தொகைக்குள்ளேயே கழியுமா, அதற்கு மேல் தனியாகவா என்று கேளுங்கள். உள்ளேயே கழிந்தால் நீண்ட வழக்கு ஒன்று பாதிப் பாதுகாப்பைத் தின்றுவிடும். இன்னொன்று, சம்பவம் நடந்த தேதியில் நடப்பில் இருந்த பாலிசி பொறுப்பேற்குமா, க்ளெய்ம் வந்து சேர்ந்த தேதியில் இருக்கும் பாலிசியா? இது முக்கியம். காயம்பட்ட சிறுவர் பெரியவரான பிறகும் வழக்குப் போட முடிகிற இடங்கள் உண்டு. இரண்டாவது வகைப் பாலிசியை வைத்திருந்து, நடுவில் ட்ராக்கை மூடி பாலிசியையும் நிறுத்திவிட்டால், அன்று உங்களுக்கு எதுவும் இருக்காது. கிடைத்தால் முதல் வகையை எடுங்கள். பழைய பாலிசிப் பத்திரங்களை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள்.

சொத்துக்கான பாலிசியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ப்ரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். சுற்று நேரம் கணக்கிடும் டைமிங் கருவி, ட்ராக்கில் விரிக்கும் கார்ப்பெட், கணினி எல்லாம் சேர்த்து உண்மை மதிப்பு 100 என்று வையுங்கள். 60-க்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள், தீயில் 30 போனது. பெரும்பாலான பாலிசிகளில் 30 முழுதாக வராது. அறுபது சதவீதக் கணக்கில் 18 தான் வரும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அவருக்கான தொழிலாளர் காப்பீடு தனி, பல இடங்களில் அது சட்டக் கட்டாயம். சம்பளம் வாங்காமல் உதவும் நண்பர்களை என்னவாகக் கணக்கில் வைக்கிறார்கள் என்று கேட்டுவையுங்கள். அவர்கள் இரண்டு பக்கமும் விழாமல் நடுவில் நிற்பதைப் பல பாலிசிகளில் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. இந்த ஆட்டத்துக்கென்று அமைப்புகள் இருக்கின்றன. உலக அளவில் இஃப்மார். அதன் கீழ் கண்டவாரியாக வட அமெரிக்காவுக்கு ரோர், ஐரோப்பாவுக்கு எஃப்ரா, ஆசிய பசிபிக் பகுதிக்கு ஃபெம்கா. பிரிட்டனில் பி.ஆர்.சி.ஏ. இவற்றில் ரோர், பி.ஆர்.சி.ஏ. போன்றவை தங்களோடு இணைந்த கிளப்புகளுக்கோ உறுப்பினர்களுக்கோ பொறுப்புக் காப்பீட்டையும் சேர்த்துத் தருகின்றன. ரிமோட் கார் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் பேசி வாங்கிய பாலிசி என்பதால் பங்கேற்பவர் விலக்கு போன்ற ஓட்டைகள் குறைவாக இருக்கும், தனியாக எடுப்பதை விட மலிவாகவும் முடியும். உங்கள் நாட்டு அமைப்பிடம் இப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். ஓட்டுபவர் எல்லோரும் உறுப்பினராக இருக்க வேண்டும், அமைப்பின் விதிப்படி நடக்கும் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது போன்றவை வழக்கமாக வரும். ஞாயிறு பந்தயத்துக்குப் பாதுகாப்பு இருந்து, புதன்கிழமை மாலைப் பயிற்சிக்கு இல்லாமல் போவது இப்படித்தான்.

என் வேலையில் என்னை மிகவும் வருத்திய கோப்பு ஒன்று. இரண்டு பங்காளிகள் ஹாபி கடை வைத்திருந்தார்கள், பின்பக்கம் ட்ராக். கடைக்குப் பாலிசி எடுத்தபோது விண்ணப்பத்தில் "மாதிரி கார் விற்பனை, பழுதுபார்ப்பு" என்று எழுதியிருந்தார்கள். அது பொய் இல்லை. அப்போது ட்ராக் இருக்கவும் இல்லை, பிறகு வந்தது. அதற்கும் பிறகு வாடகைக் கார்களும் பிறந்தநாள் விருந்துகளும் வந்தன. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, தொழில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது, பாலிசி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. விருந்துக்கு வந்த ஒரு குழந்தைக்குக் கண்ணில் அடி. நிறுவனம் க்ளெய்மை மறுத்தது. கோப்பை மூன்று முறை படித்தேன். மறுப்பைத் தவறு என்று என்னால் எழுத முடியவில்லை. ஒரு மின்னஞ்சல், ஒரு சிறு கூடுதல் ப்ரீமியம், அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

இன்சூரன்ஸின் அடித்தளமே இதுதான். கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கில் 1766-லேயே இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு சொன்னார்: ஆபத்தைப் பற்றிய விவரங்கள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரியும், அவர் சொல்வதை நம்பித்தான் மற்றவர் பொறுப்பேற்கிறார். சட்டங்கள் பிறகு பல இடங்களில் காப்பீடு எடுப்பவர் பக்கம் கொஞ்சம் இளகின; அடிப்படை மாறவில்லை. நீங்கள் வாங்குவது உங்கள் ட்ராக்குக்கான பாதுகாப்பு இல்லை, நீங்கள் எழுதிக் கொடுத்த ட்ராக்குக்கான பாதுகாப்பு. இரண்டும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. ஆகவே விண்ணப்பப் படிவத்தின் சின்னக் கட்டங்களோடு நிறுத்தாமல் தனியாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்: என்ன அளவு கார்கள், என்ன எரிபொருள், எத்தனை நாள், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை பேர், சிறுவர்கள் உண்டா, வாடகைக் கார் உண்டா, விருந்து உண்டா, உணவு விற்கிறீர்களா, வலை எவ்வளவு உயரம், பேட்டரி விதி என்ன. புகைப்படம் சேருங்கள். வருடா வருடம் புதுப்பிக்கும்போது அதைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். மேலே சொன்ன வலையும் மணல் வாளியும் இங்கே இன்னொரு பயனும் தரும். ரிமோட் கார் பந்தயம் என்றதும் உண்மையான கார் பந்தயத்தை நினைத்துக்கொண்டு விலை சொல்லும் அதிகாரிக்கு இந்த இரண்டு பக்கம்தான் கண்ணைத் திறக்கும். ப்ரீமியம் எவ்வளவு வரும் என்ற கேள்விக்கும் இதுவே பதில்: கூட்டம், சிறுவர்கள், எரிபொருள், பழைய க்ளெய்ம்கள், நீங்கள் கேட்கும் தொகை, இவை ஐந்தும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கும். விளையாட்டு, பொழுதுபோக்குத் துறையைத் தனியாகப் பார்க்கும் ஒரு தரகரைப் பிடித்து, குறைந்தது மூன்று விலை வாங்கிப் பாருங்கள்.

சரி, கம்பெனி பதிவு. தனிநபராக நடத்தினால் தொழிலின் கடன் உங்கள் கடன். வீடும் அதில் அடக்கம். கூட்டாளியோடு நடத்தினால் பொதுவாக அவர் செய்த தவறுக்கும் நீங்கள் பொறுப்பு. பதிவு செய்யாத கிளப்பாக நடத்தினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். கிளப் என்று சட்டத்தின் கண்ணில் ஒரு ஆளே இல்லாததால், குழுவில் இருப்பவர்கள் தனித்தனியாக மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி தனி ஆள். செருப்பு வியாபாரி சாலமன் வழக்கில் 1897-ல் இங்கிலாந்தின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை உறுதிசெய்த கொள்கை அது. ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. கம்பெனி வாங்கிய கடன், கம்பெனி எடுத்த குத்தகை, கம்பெனி மேல் வந்த வழக்கு ஆகியவை கம்பெனியின் சொத்தோடு நிற்கும்.

ஆனால் உங்கள் பயம் காயத்தைப் பற்றியது என்பதால் இதைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கழன்ற வலையை நீங்களே பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் கட்டலாம்" என்று பந்தயத்தை நடத்தினால், அந்தக் கவனக்குறைவு உங்களுடையது. கம்பெனியோடு சேர்த்து உங்கள் மேலும் தனியாக வழக்குப் போட முடியும். சின்ன ட்ராக்கில் முதலாளியே எல்லா வேலையும் பார்ப்பதால் இது அடிக்கடி பொருந்தும். அதோடு வங்கியும் நில உரிமையாளரும் புதிய கம்பெனியிடம் உங்கள் சொந்த உத்தரவாதக் கையெழுத்தைக் கேட்பார்கள். போட்டால், கம்பெனிக்கும் உங்கள் சொத்துக்கும் நடுவே இருந்த சுவர் அந்த அளவுக்கு உடைந்தது. கம்பெனிப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே கணக்கில் புழங்கினால் மீதிச் சுவரையும் நீதிமன்றம் தள்ளிவிடக்கூடும். எனவே கம்பெனி பதிவு செய்யுங்கள், தனி வங்கிக் கணக்கு வையுங்கள், பாலிசியில் கம்பெனியின் பெயரோடு இயக்குநர்களும் உதவியாளர்களும் காப்பீடு பெற்றவர்களாக வருகிறார்களா என்று பாருங்கள். நிலம் உங்களுக்கே சொந்தம் என்றால் அதைக் கம்பெனிக்குள் கொண்டுபோகாமல், கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவது நல்லது என்பது என் கருத்து. வரிக் கணக்கு இதில் குறுக்கே வரும், அதை ஆடிட்டரிடம் கேளுங்கள். லாப நோக்கமில்லாத பதிவுபெற்ற சங்கம் என்பதும் நல்ல வழிதான், ட்ராக்கை வைத்துப் பிழைக்கும் எண்ணம் இல்லாவிட்டால்.

பிழைக்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. பந்தயக் கட்டணம் மட்டும் வாடகையையும் ப்ரீமியத்தையும் தாங்கி நான் பார்த்ததில்லை. உதிரிபாகக் கடை, பயிற்சிக் கட்டணம், வாடகைக் கார், விருந்து என்று ஏதாவது சேர்ந்தால்தான் ட்ராக் நிற்கிறது. அவை ஒவ்வொன்றும் ஒரு புதிய ஆபத்து. பேட்டரி விற்றால், அது வாங்கியவர் வீட்டில் எரிந்தால், பொருள் பொறுப்பு என்று தனிப் பகுதி வேண்டும். மேலே சொன்ன ஹாபி கடைப் பங்காளிகள் சறுக்கியது இங்கேதான்.

கையெழுத்துப் படிவம். இதில்தான் சட்டம் இடத்துக்கு இடம் அதிகம் மாறுகிறது. பெரியவர் ஒருவர் தெளிவாகப் படித்துக் கையெழுத்திட்ட படிவம் சில இடங்களில் சாதாரணக் கவனக்குறைவுக்கான வழக்கையே தடுக்கும். வேறு சில இடங்களில் உடல் காயத்துக்கு அப்படி ஒரு வரி எழுதினாலே செல்லாது. கடுமையான அலட்சியத்தைப் படிவம் மன்னிக்கும் என்று எங்கேயும் நம்பிவிட வேண்டாம். சிறுவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது. அவர்களுக்காகப் பெற்றோர் போட்டது செல்லுமா என்பது உங்கள் ஊர் வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. இருந்தும் படிவத்தை வாங்குங்கள். ஆபத்து என்ன என்று எடுத்துச் சொல்லப்பட்டது, அவர் தெரிந்துகொண்டார் என்பதற்கு அது சாட்சி. அதற்காகவே "எந்தப் பொறுப்பும் இல்லை" என்று ஒரு வரியில் முடிக்காமல், கார் ட்ராக்கை விட்டுப் பறக்கலாம், மார்ஷலுக்குக் காலில் அடி படலாம், பேட்டரி எரியலாம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பல பாலிசிகள் படிவம் வாங்குவதை நிபந்தனையாகவே வைக்கின்றன. வாங்கியதைத் தேதிவாரியாகப் பத்திரப்படுத்துங்கள், சிறுவர்களுடையதை அவர்கள் வயது வந்து பல வருடம் ஆகும்வரை.

குத்தகை இடம் என்றால், ட்ராக் நடத்த எழுத்தில் அனுமதி வேண்டும். உரிமையாளரின் பெயரை உங்கள் பாலிசியில் சேர்க்கச் சொல்வார், அது வழக்கமானதுதான். குத்தகைப் பத்திரத்தில் "இடத்தில் எது நடந்தாலும் குத்தகைதாரரே பொறுப்பு" என்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் தரகரிடம் காட்டுங்கள். சட்டப்படி உங்களுக்கு வராத பொறுப்பை ஒப்பந்தத்தால் நீங்களாக ஏற்றுக்கொண்டால் பாலிசி அதைத் தராமல் போகலாம்.

கடைசியாக, அடிபடுகிற நாள். பந்தயத்தை நிறுத்துங்கள், அடிபட்டவரைப் பாருங்கள், ஆம்புலன்ஸ் தேவையா என்பதில் தயங்காதீர்கள், அவர் வீட்டுக்கு நீங்களே பேசுங்கள். வருத்தத்தைச் சொல்லுங்கள், ஆனால் "எங்கள் தப்புதான், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லவோ எழுதவோ வேண்டாம். நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வது பல பாலிசிகளில் நிபந்தனையை மீறுவதாகும், கடைசியில் அடிபட்டவருக்குப் பணம் வருவதும் அதனால் தடைபடலாம். அங்கேயே படம் எடுங்கள், பார்த்தவர்கள் பெயரை எழுதுங்கள், அன்று யார் எங்கே மார்ஷல் நின்றார் என்ற தாளையும் டைமிங் கணினியின் பதிவையும் எடுத்து வையுங்கள். வழக்கு வராது என்று தோன்றினாலும் அன்றோ மறுநாளோ நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சுளுக்கு என்று நினைத்தது எலும்பு முறிவு என்று மூன்று வாரம் கழித்துத் தெரிய வரும்போது, உங்கள் கடிதம் ஏற்கெனவே அவர்கள் கோப்பில் இருக்கும்.